கணிப்பொறியின் தலைவாசல் பூட்டு

முன்னுரை

பொருளைத் தேடுவது ஒரு திறம். தேடிய பொருளைக் காப்பது அதனினும் பெரிய திறம். திருக்குறளின் பொருட்பாலில் ‘அரண்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. ‘பொச்சாவாமை’ என்றும் ஓர் அதிகாரம் உண்டு. முன்னது பகைவன் நுழையாதபடி காக்கும் கோட்டையைப் பற்றியது. பின்னது சோர்வும் மறதியும் இல்லாதிருத்தலைப் பற்றியது. கோட்டையைக் கட்டியவனே கதவுச் சாவியை எங்கோ வைத்து மறந்தால், அந்தக் கோட்டை அவனுக்கே பகையாகிவிடும் அன்றோ? இவ்விரண்டு அதிகாரங்களையும் ஒருசேர நினைக்க வேண்டிய இடம் ஒன்று இன்று நம் மேசை மேலேயே இருக்கிறது. கணிப்பொறியை இயக்கியவுடன் அது நம்மிடம் கேட்கும் கடவுச்சொல்லே அந்த இடம்.

2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்களின் குளிரூட்டிய அறையில் இருந்த பொறி, இன்று சாத்தூரிலிருந்தும் திருத்தங்கலிலிருந்தும் பேருந்தில் வரும் மாணவனின் பையில் வருகிறது. அதில் ஆய்வேடு இருக்கிறது. ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் படிகள் இருக்கின்றன. அக்காள் திருமணப் புகைப்படங்களும் இருக்கின்றன. பொறி தொலைந்தால் விலையோடு போகும். உள்ளே இருப்பவை அயலான் கையில் கிடைத்தால் இழப்பு விலையோடு நிற்காது.

எனவே தொடக்கக் கடவுச்சொல் என்பது யாது, அது எதைக் காக்கும், எதைக் காக்காது, அதனை எவ்வாறு அமைப்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கடவுச்சொல் வந்த கதை

கணிப்பொறிக்குக் கடவுச்சொல் என்ற கருத்து 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவாயிற்று. ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரின் தலைமையில், ஒரே பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை 1961இல் செய்து காட்டப்பட்டது. பலர் பங்கிடும் பொறியில் ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காதிருக்க ஒரு தடுப்பு வேண்டும். அதற்காகவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது.

பூட்டு வந்தவுடன் அதைத் திறப்பவரும் வந்துவிட்டார். அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆலன் ஷெர் என்பவருக்கு வாரத்திற்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை. 1962இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தருமாறு துளை அட்டை வழியாகப் பொறிக்கு ஆணையிட்டார். பொறியும் கேள்வி கேட்காமல் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! 1966இல் இன்னொரு வேடிக்கை நிகழ்ந்தது. நிரலில் நேர்ந்த ஒரு பிழையால், வரவேற்புச் செய்தி தோன்ற வேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாகத் தோன்றின. பூட்டு எவ்வளவு உறுதியானது என்பதைவிடச் சாவி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதே முதன்மையானது என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

1979இல் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு மற்றொரு பாடத்தைத் தந்தது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831, அதாவது 86 விழுக்காடு, எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவையாக இருந்தன. ஒரே எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்தவர்கள்கூட 15 பேர் இருந்தனர்; 492 சொற்கள் அகராதியிலோ பெயர்ப் பட்டியல்களிலோ அப்படியே கிடைத்தன. படித்தவர்களின் நிலையே இதுவாயிற்று.

தனிநபர் கணிப்பொறியின் வரலாறு வேறு வகையில் தொடங்கியது. ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் தனிநபர் கணிப்பொறியில் பூட்டே கிடையாது. ஒருவருக்கு ஒரு பொறி என்ற நிலையில் பூட்டு எதற்கு என்று எண்ணினர் போலும். 1984இல் வந்த ‘ஏடி’ வகைப் பொறியின் முகப்பில் உண்மையான சாவித்துளையே வைத்தார்கள். சாவியைத் திருப்பினால் விசைப்பலகை வேலை செய்யாது. 1987இல் வந்த ‘பிஎஸ்/2’ வகையில் பொறியை இயக்கியவுடன் கடவுச்சொல் கேட்கும் வசதி அமைந்தது. இரும்புச் சாவி சொற்சாவியாக மாறியது அப்போதுதான்.

வாசல்கள் மூன்று

பொத்தானை அழுத்தியதிலிருந்து நம் கோப்பு திறக்கும் வரை என்ன நடக்கிறது என்பதை அறிந்தால், எந்தப் பூட்டு எங்கே தொங்குகிறது என்பது விளங்கும்.

மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழிப்பது மதர்போர்டில் பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல். இதனைப் பழைய பொறிகளில் பயாஸ் என்பர். புதியவற்றில் யூஈஎஃப்ஐ என்பது அதன் பெயர். அது நினைவகம், விசைப்பலகை, ஹார்டு டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கும். பிறகு டிஸ்க்கிலுள்ள விண்டோஸ் அல்லது லினக்ஸ் என்னும் இயக்க முறைமையை எழுப்பும். அது எழுந்தபின் நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு உள்ளே விடும். இந்த வரிசையில் மூன்று இடங்களில் பூட்டுப் போடலாம்.

முதலாவது, பயாஸ் பூட்டு. இதில் இரு வகை உண்டு. ஒன்று, பொறியை இயக்கவே கடவுச்சொல் கேட்பது. மற்றொன்று, பயாஸ் அமைப்புகளை மாற்ற மட்டும் கடவுச்சொல் கேட்பது. இரண்டாவதை மேலாளர் கடவுச்சொல் எனலாம். பழைய மேசைக் கணிப்பொறிகளில் இக்கடவுச்சொல், பொத்தான் போன்ற 3 வோல்ட் பேட்டரியின் துணையால் நிற்கும் நினைவகத்தில் இருந்தது. பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்திருந்தால் பூட்டு மறைந்துவிடும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் அது பேட்டரி இல்லாமலே நிற்கும் சில்லில் பதிவாகிறது. பேட்டரியைக் கழற்றிப் பயனில்லை. மறந்தவர் வாங்கிய ரசீதுடன் நிறுவனத்தின் சேவை மையத்தைத்தான் நாட வேண்டும்.

இரண்டாவது, இயக்க முறைமையின் நுழைவுப் பூட்டு. நம்மில் பெரும்பாலோர் அறிந்தது இதுவே. இதை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்குவோர் பலர். ஆனால் ஒரு ஸ்குரூ டிரைவர் கொண்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணிப்பொறியில் மாட்டினால் கோப்புகள் யாவும் திறந்தே கிடக்கும். பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கினாலும் அவ்வாறே. பயாஸ் பூட்டும் இந்த டிஸ்க் கழற்றலைத் தடுக்காது. இவ்விரண்டும் வாசற்கதவின் பூட்டுகள். சுவரில் கன்னமிடுபவனுக்கு வாசற்கதவைப் பற்றி என்ன கவலை?

மூன்றாவது, டிஸ்க்கையே மறைகுறியாக்குவது. அதாவது, டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொன்றும் ஒரு திறவுகோல் இன்றிப் படிக்க முடியாத குறிகளாக மாற்றி எழுதப்படும். விண்டோஸில் இதற்குப் பிட்லாக்கர் என்று பெயர்; 2007இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா பதிப்புடன் அறிமுகமாயிற்று. லினக்ஸில் லக்ஸ் என்ற முறை உண்டு. இங்கே டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனாலும் கள்வனுக்குக் கிடைப்பது குப்பையே.

நம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளை அறிந்தவர்க்கு இது எளிதில் புரியும். ஆலையின் வெளிவாசலில் காவலாளி நிற்கிறார். ஆனால் சரக்குக்கு உண்மையான காவல் அவர் மட்டும் அல்லர். மேகசின் என்னும் கிடங்கு தனியே கட்டப்பட்டு, தனிப் பூட்டுடன், பொறுப்பாளர் கையில் சாவியுடன் இருக்கிறது. வெளிவாசல் பூட்டை மட்டும் நம்பி மேகசினைத் திறந்து போடும் முதலாளி சிவகாசியில் ஒருவரும் இரார். கணிப்பொறியில் மட்டும் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

சிஸ்கீ கற்பித்த பாடம்

‘தொடக்கக் கடவுச்சொல்’ என்ற பெயராலேயே விண்டோஸில் ஒரு வசதி இருபது ஆண்டுகள் இருந்தது. அதன் வாழ்வும் முடிவும் நாம் ஊன்றிக் கற்க வேண்டியவை.

1997இல் விண்டோஸ் என்டி 4.0க்கு வந்த மூன்றாம் சேவைத் தொகுப்பில் சிஸ்கீ என்னும் கருவி சேர்க்கப்பட்டது. பயனர்களின் கடவுச்சொற்கள் குறிவடிவில் பதிந்திருக்கும் கோப்பை எவரேனும் திருடிச் சென்று ஓய்வாக ஆராயாதபடி, அக்கோப்பின் மேல் இன்னொரு பூட்டைப் போடுவதே அதன் நோக்கம். அந்தப் பூட்டின் சாவியை மூன்று இடங்களில் வைக்கலாம்: கணிப்பொறிக்குள்ளேயே மறைத்து வைக்கலாம், ஒரு ஃபிளாப்பி வட்டில் எழுதித் தனியே எடுத்து வைக்கலாம், அல்லது பொறி எழும் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லாக வைக்கலாம். மூன்றாவதே தொடக்கக் கடவுச்சொல். இதனை அமைப்பது மிக எளிது. ‘ரன்’ கட்டத்தில் சிஸ்கீ என்று தட்டி, ‘அப்டேட்’ பொத்தானை அழுத்தி, இருமுறை கடவுச்சொல்லை எழுதினால் போதும். அடுத்த முறை பொறியை இயக்கும்போது, வழக்கமான நுழைவுத் திரைக்கு முன்பே இன்னொரு பெட்டி தோன்றிக் கடவுச்சொல் கேட்கும்.

பார்வைக்கு இரட்டைப் பூட்டு. ஆயினும் அதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, அது காத்தது கடவுச்சொற்களின் கோப்பை மட்டுமே. நம் கடிதங்களையும் கணக்குகளையும் படங்களையும் அது மறைக்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றியவனுக்கு அவை எப்போதும்போல் கிடைத்தன. மற்றொன்று, அதை மறந்தவருக்கு நேரான வழி எதுவும் வைக்கப்படவில்லை. அமைப்புக் கோப்புகளின் பழைய படி இருந்தால் மீட்கலாம். இல்லையேல் விண்டோஸையே மீண்டும் பதிய வேண்டும். ஆகவே கள்வனிடம் மென்மையும் உடையவனிடம் கடுமையும் காட்டிய பூட்டு அது.

இந்தக் குறையை வஞ்சகர்கள் கண்டுகொண்டார்கள். “உங்கள் கணிப்பொறியில் வைரஸ் புகுந்துவிட்டது, நாங்கள் மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்” என்று தொலைபேசியில் அழைப்பார்கள். தொலைவிலிருந்தே பொறியை இயக்க இசைவு பெறுவார்கள். ஏதேதோ திரைகளைக் காட்டி அச்சுறுத்திப் பணம் கேட்பார்கள். கேட்டவர் தர மறுத்தால், பேச்சினூடே சிஸ்கீயைத் திறந்து தாங்கள் மட்டும் அறிந்த ஒரு தொடக்கக் கடவுச்சொல்லைப் போட்டுவிடுவார்கள். மறுமுறை பொறி எழாது. பூட்டு ஒன்றே, போட்டவர் வேறு. அதனால் காப்பு பிணையாக மாறிற்று.

2017 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சிஸ்கீயை நீக்கியது. அதன் காப்பு இக்காலத்திற்குப் போதாது என்பதோடு, மிரட்டிப் பணம் பறிப்போர் அதைப் பயன்படுத்துவதும் காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்கு மாற்றாகப் பிட்லாக்கரைப் பயன்படுத்துமாறும் அந்நிறுவனம் அறிவுறுத்தியது. பூட்டு போயிற்று; வஞ்சகர் போகவில்லை. 2023 அக்டோபரில் ‘ஆபரேஷன் சக்ரா–2’ என்ற பெயரில் மத்தியப் புலனாய்வுத் துறை நாட்டில் 76 இடங்களில் சோதனை நடத்தியபோது, இத்தகைய போலித் தொழில்நுட்ப உதவி அழைப்புகள் குறித்து மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் அளித்த புகார்களும் அவ்வழக்குகளில் அடங்கியிருந்தன.

நம் கடமை தெளிவு. நம் பொறிக்கு நாமே பூட்டுப் போட வேண்டும். பிறர் போட இடம் தரலாகாது. பயாஸுக்கு மேலாளர் கடவுச்சொல் இடாமல் விட்டால், பொறியைச் சில நிமிடம் இரவல் வாங்கும் எவரும் தம் கடவுச்சொல்லை அதில் இட்டுவிட முடியும் என்பதையும் நினைவில் கொள்க.

அமைக்கும் முறை

முதற்படி, பூட்டுவது அன்று, படியெடுப்பது. பூட்டுப் போடும் முன் முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ படியெடுத்து வீட்டில் வையுங்கள். பூட்டு தவறினாலும் சரக்கு தவறக் கூடாது.

பயாஸ் பூட்டு: பொறியை இயக்கியவுடன் எஃப்2, எஃப்10, டெலீட் போன்ற விசைகளுள் ஒன்றை அழுத்த வேண்டும், எது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. தோன்றும் திரையில் ‘செக்யூரிட்டி’ என்ற பகுதிக்குச் சென்று முதலில் மேலாளர் கடவுச்சொல்லை இடுக. வேண்டுமாயின் அடுத்துத் தொடக்கக் கடவுச்சொல்லை இடுக. பிறகு ‘பூட்’ பகுதியில் பென் டிரைவிலிருந்து எழும் வழியை அடைத்து, அமைப்பைச் சேமித்து வெளியேறுக.

விண்டோஸ்: ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்பது இயங்குகிறதா என்று பாருங்கள். ஹோம் பதிப்பில் கிடைப்பது இதுவே. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் பதிந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான பொறிகளில் இது தானாகவே இயங்கத் தொடங்கும். புரோ பதிப்பில் முழு பிட்லாக்கர் உண்டு. சிஸ்கீயைப் போலப் பொறி எழும்போதே எண் கேட்கவும் அதில் வழியுண்டு. குரூப் பாலிசி பகுதியில் பிட்லாக்கரின் கீழ், தொடக்கத்தில் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்ற விதியை இயக்கினால், குறைந்தது ஆறு இலக்கமுள்ள எண் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ்: இயக்க முறைமையைப் பதியும்போதே டிஸ்க்கை மறைகுறியாக்கு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே எளிய வழி. அதன்பின் ஒவ்வொரு முறையும் பொறி எழும்போது கடவுத்தொடர் கேட்கும்.

எது நல்ல கடவுச்சொல்?

எட்டுச் சிற்றெழுத்துகளால் ஆன கடவுச்சொற்கள் மொத்தம் ஏறத்தாழ 20,882 கோடி உண்டு. பெரிய எண்ணாகத் தோன்றுகிறது. ஆனால் நொடிக்கு 100 கோடிச் சொற்களைச் சோதிக்கும் பொறி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றரை நிமிடத்தில் அத்தனையும் தீர்ந்துவிடும். மாறாக, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஐந்து சொற்களை எடுத்துக் கோத்தால், அதே பொறிக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் வேண்டும். நினைவில் வைக்க எளிது, கண்டுபிடிக்க அரிது. ஆனால் சொற்கள் குருட்டாம்போக்கில் அமைய வேண்டும். பாட்டின் அடியோ, பிள்ளையின் பெயரோ, ஊரின் பெயரோ ஆகாது.

அப்படியானால் விண்டோஸில் ஆறு இலக்கம் எப்படிப் போதும் என்ற ஐயம் எழலாம். ஆறு இலக்கம் என்பது பத்து லட்சம் வாய்ப்பே. காரணம் இதுதான்: அங்கே டிபிஎம் என்ற ஒரு காவற்சில் பொறிக்குள் இருக்கிறது. 32 முறை தவறாகத் தட்டினால் அது வாயை மூடிக்கொள்ளும். பிறகு பத்து நிமிடத்திற்கு ஒரு முயற்சிக்குத்தான் இடம் தரும். லக்ஸில் கடவுத்தொடரை மட்டும் நம்பும்போது அத்தகைய காவலன் இல்லை. டிஸ்க்கைப் படியெடுத்துச் சென்றவன் தன் வீட்டில் எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் முயலலாம். ஆதலால் அங்கே நீண்ட தொடர் கட்டாயம்.

தமிழ் மாணவருக்கு ஒரு தனிக் குறிப்பு. தொடக்கத் திரை தமிழ் விசைப்பலகையை அறியாது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ‘ஏணி’ என்பதற்கு முதலெழுத்து ஒன்றா இரண்டா, ‘வாழை’ என்பதன் ழகரத்திற்கு எந்த எழுத்து என்று ஒருவரே இருமுறை இருவிதமாக எழுதக்கூடும். நெடிலும் ழகரமும் இல்லாத சொற்களாகத் தேர்ந்தெடுப்பது நன்று. கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்ற வேண்டும் என்ற பழைய வழக்கமும் இன்று இல்லை. கட்டாயமாக மாற்றச் சொன்னால் மக்கள் இறுதியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள் என்பதால், அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017இல் அவ்விதியைக் கைவிட்டது. பிறருக்குத் தெரிந்துவிட்டது என்ற ஐயம் எழும்போது உடனே மாற்றினால் போதும்.

இரண்டாவது சாவி

மறைகுறியாக்கம் உண்மையாக வேலை செய்கிறது என்பதற்கு ஒரே அடையாளம், சாவி இல்லாமல் உரியவராலும் திறக்க முடியாது என்பதே. இதனால் இரண்டாவது சாவியைப் பற்றி முடிவு செய்யாமல் முதற்பூட்டைப் போடவே கூடாது.

பிட்லாக்கர் தரும் மீட்புச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும். தட்டச்சில் ஓர் இலக்கம் தவறினால் உடனே பிடிபடுவதற்காக அமைத்த ஏற்பாடு இது. கணித மாணவர்கள் தம் சாவியைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். இச்சாவியைத் தாளில் எழுதி அல்லது அச்சிட்டு, வீட்டில் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். மடிக்கணினிப் பையில் வைப்பது, பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால், அந்தக் கணக்கு யாருடையது என்று பாருங்கள். கடைக்காரர் தம் கணக்கில் பதிந்து கொடுத்திருந்தால் உங்கள் சாவி அவரிடம் இருக்கிறது என்று பொருள்!

தொழில் நடத்துவோருக்கு இது இன்னும் இன்றியமையாதது. விருதுநகரில் வத்தல், மல்லி, பருப்பு வணிகம் செய்யும் மண்டிகளில் சிவப்புப் பேரேடு இருந்த இடத்தில் இன்று டேலி மென்பொருள் இருக்கிறது. அதில் ‘டேலி வால்ட்’ என்ற கடவுச்சொல்லை இட்டால் கணக்கு முழுதும் மறைகுறியாகும். பட்டியலில் நிறுவனத்தின் பெயர்கூட நட்சத்திரக் குறிகளாகவே தெரியும். அச்சொல்லை மறந்தால் மீட்பதற்கு வழியில்லை. கணக்கர் ஒருவர் மட்டும் அறிந்த சொல்லாக அது இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கடையின் கணக்கும் கூடவே போய்விடும்.

சிவகாசி அச்சகங்களிலும் இதே நிலை. அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் ஆடிப்பெருக்கு நாளில் வெளிவருவது அங்கே மரபு. அதுவரை டிசைன்கள் வெளியே போகாதிருக்க வேண்டும். ஆதலால் பூட்டு வேண்டும். அதே வேளையில், டிசைனர் காய்ச்சலில் படுத்தால் அச்சு இயந்திரம் நிற்கக் கூடாது. ஆதலால் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. லக்ஸ் முறையில் ஒரே டிஸ்க்குக்கு வெவ்வேறு கடவுத்தொடர்கள் பலவற்றை வைக்கலாம். பழைய வகையில் எட்டு, புதிய வகையில் 32. முதலாளிக்கு ஒன்று, டிசைனருக்கு ஒன்று என்று கொடுத்து, ஒருவர் விலகும்போது அவருடையதை மட்டும் நீக்கிவிடலாம். அதுவும் இயலாதெனில் பழைய வழியே நல்ல வழி: உறையிலிட்டு அரக்கு வைத்து முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைத்துவிடுவது.

எங்கே வேண்டாம்?

எல்லாப் பொறிக்கும் எல்லாப் பூட்டும் பொருந்தா. மின்வெட்டுக்குப் பின் தானாக எழ வேண்டிய பொறிகள் உண்டு. கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியும், அலுவலகம் முழுவதற்கும் கோப்பு வழங்கும் பொறியும் அத்தகையவை. இவற்றுக்குத் தொடக்கக் கடவுச்சொல் வைத்தால், நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தபின், காலையில் ஆள் வந்து தட்டும்வரை அவை உறங்கிக்கொண்டே இருக்கும். அவற்றைப் பூட்டிய அறையில் வைப்பதே தக்கது.

கல்லூரி ஆய்வகப் பொறிகளுக்கும் தொடக்கப் பூட்டு தேவையில்லை. ஐம்பது மாணவருக்குச் சொன்ன சொல் இரகசியம் ஆகாது. அங்கே பயாஸின் மேலாளர் கடவுச்சொல்லும், பென் டிரைவிலிருந்து எழுவதைத் தடுக்கும் அமைப்பும் போதும்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. தொடக்கப் பூட்டு, அணைந்திருக்கும் பொறியைத்தான் காக்கும். நாமே திறந்து வைத்து இணையத்தில் உலவும்போது, மின்னஞ்சல் வழியாகப் புகும் கள்வனுக்கு அது தடையன்று. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இணையத்தோடு இணைந்திருந்த நிருவாகக் கணிப்பொறி ஒன்றில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் உறுதி செய்தது. அணு உலையை இயக்கும் அமைப்பு அதனோடு இணைக்கப்படாமல் தனித்து இருந்ததால் பாதிப்பு இல்லை என்றும் கழகம் அறிவித்தது. பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டுக் கட்டுவதன் பயனும் இதுவே. ஒன்றில் பற்றியது மற்றொன்றுக்குத் தாவக் கூடாது.

சட்டமும் துணை நிற்கிறது. பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க வழி செய்கிறது. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தொழிலாளரின் ஆதார், வங்கிக் கணக்கு, சேமநல நிதி விவரங்களைக் கணிப்பொறியில் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு, அவற்றைத் தக்க முறையில் காக்கும் கடமையை 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்திருக்கிறது. தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசு சுற்றியும் பிழைக்கும் ஓர் ஏழைத் தாயின் கைரேகையும் வங்கி எண்ணும் ஏதோ ஓர் அலுவலகப் பொறியில் இருக்கின்றன. அவர் அந்தப் பொறியைப் பார்த்திருக்கவும் மாட்டார். அவருக்காகவும் அங்கே பூட்டு வேண்டும்.

முடிவுரை

தொடக்கக் கடவுச்சொல்லை அமைக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அதற்கு முன் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும். யாரிடமிருந்து காக்கிறோம்? வாசலை மட்டும் பூட்டுகிறோமா, கிடங்கையும் பூட்டுகிறோமா? பூட்டைப் போடுபவர் நாம்தாமா? இரண்டாவது சாவி எங்கே, யாரிடம்? இவற்றுக்கு விடை கண்டபின் போடும் பூட்டே அரண் ஆகும்; காணாமல் போடும் பூட்டு சிஸ்கீயைப் போல உடையவனையே சிறையிட்டுவிடும்.

மாணவ நண்பர்களே, இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் உங்கள் மடிக்கணினியில் மறைகுறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அந்த 48 இலக்கங்களைத் தேடி எடுத்துத் தாளில் எழுதுங்கள். இயங்காவிடில் முதலில் கோப்புகளைப் படியெடுத்துவிட்டுப் பிறகு இயக்குங்கள். வள்ளுவர் வகுத்த அரணும் பொச்சாவாமையும் ஒருங்கே அமைந்த இடத்தில் கள்வனுக்கும் வேலையில்லை, கவலைக்கும் இடமில்லை.